எஞ்சிய காந்தம்

சென்ற மாசியில் அப்பாவின் மொறிஸ் மைனரிலிருந்து டைனமோவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு ஒல்ரனேற்றரைப் பூட்டினோம். ஒரு நாள் வேலை. இதை எழுதத்தான் வேண்டுமா என்று கொஞ்சக் காலம் தயங்கினேன். பழைய கார்களைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் எனக்கு ஒவ்வுவதில்லை. அவற்றில் சௌகரியமான ஒரு துக்கம் இருக்கிறது. துடைத்து மினுக்கி வைத்த துக்கம். ஆனால் அன்றைய வேலை முடிந்தபின் அப்பாவுக்கும் எனக்கும் இடையில் பல வருடங்களுக்கு முன்பு பாதியில் நின்றுபோன ஒரு தர்க்கம் எனக்குள் மறுபடி தொடங்கிவிட்டது. அவர் இல்லாதபடியால் அவருடைய பக்கத்தையும் நானே பேச வேண்டியிருக்கிறது. அதை நேர்மையாகப் பேசுகிறேனா என்று பார்ப்பதற்கு எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கார் 1959ஆம் ஆண்டில் செய்தது. 948 சீ.சீ. எஞ்சின். மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பத்து இலட்சத்தைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் கார் அதுதான். யாழ்ப்பாணத்து றோட்டுகளில் இதுவும் ஒஸ்ரின்களும் இவ்வளவு காலம் ஓடியதற்கு எங்கள் ரசனை காரணமென்று சொல்ல முடியாது. முதலில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள், பிறகு யுத்தம். புதிது வராத ஊரில் பழையது சாக அனுமதிக்கப்படுவதில்லை.

அப்பா பௌதிகவியல் ஆசிரியர். காரின் மூடியைத் திறந்தால் அவருக்கு அது வகுப்பறை. நேரோட்டம், ஆடலோட்டம், தூண்டல், இருவாயி என்ற சொற்களை நான் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே அந்த எஞ்சினுக்கு மேல் குனிந்து நின்று கேட்டிருக்கிறேன். டைனமோவை அவர் விளக்கிய விதம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. லூகாஸ் செய்த உருளை, 19 அம்பியர் தரக்கூடியது. வெளிக்கூட்டுக்குள் இரண்டு இரும்பு முனைகள். அவற்றைச் சுற்றிக் கம்பிச் சுருள். நடுவில் சுழலும் ஆமேச்சர். அதன் ஒரு நுனியில் செப்புத் துண்டுகளை வளையமாக அடுக்கியிருக்கும். அதன்மேல் இரண்டு கரிக்கட்டைகள் உரசிக்கொண்டிருக்கும். சுழலும் கம்பியில் பிறப்பது எப்போதும் ஆடலோட்டம்தான். ஒவ்வொரு அரைச்சுற்றிலும் திசை மாறும். திசை மாறுகிற அதே கணத்தில் கரிக்கட்டை அடுத்த செப்புத்துண்டுக்குத் தாவிவிடுவதால் வெளியே வருவது நேரோட்டமாக இருக்கிறது.

"காந்தம் எங்கையிருந்து வருது?" என்று ஒருநாள் கேட்டேன். டைனமோவின் காந்தம் மின்காந்தம். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் வர காந்தம் வேண்டும். எது முதல்?

அப்பாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. முந்தின முறை ஓடி நின்றபோது அந்த இரும்பில் கொஞ்சக் காந்தம் தங்கிவிடுகிறது என்றார். மிகச் சொற்பம். ஆனால் மறுபடி சுழலத் தொடங்கும்போது அந்தச் சொற்பம் கம்பியில் ஒரு சொற்ப மின்னைத் தூண்டுகிறது. அது காந்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. கூடிய காந்தம் மின்னைக் கூட்டுகிறது. இப்படியே ஏறி ஏறிப் பன்னிரண்டு வோல்ற்றைத் தாண்டுகிறது. "எஞ்சிய காந்தம்" என்பது அவர் வைத்த பெயர். பிறகு சொன்னார்: "டைனமோ கடன் வாங்காது, தம்பி. ஆனால் நிண்டவனுக்குக் குடாது."

இரண்டாவது வாக்கியத்தின் அர்த்தம் எல்லாச் சாரதிகளுக்கும் தெரிந்ததுதான். எஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும்போது டைனமோவின் சுழற்சி போதாது. அதன் வோல்ற் பற்றறியைவிடக் கீழே இறங்கியதும், மின்சாரம் பின்னோக்கிப் பாயாமலிருக்க ஒரு சிறு தொடுகை தானாக விலகிக்கொள்கிறது. முன்னால் சிவப்பு விளக்கு எரியும். அதற்குப் பிறகு எல்லாச் செலவும் பற்றறியிலிருந்து. அப்பா சந்தியில் நிற்கும்போதெல்லாம் அக்சிலேற்றரை மெல்ல மிதித்துச் சிவப்பு விளக்கை அணைத்து வைத்திருப்பார். அது அவர் காலின் சுபாவமாகிவிட்டது.

1990இல் யுத்தம் மறுபடி மூண்டதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றறியும் வரமாட்டா. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபறேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. தெருவெல்லாம் அந்தப் புகை. பெற்றோலை நாங்கள் மருந்துப் போத்தலில் வைத்திருந்தோம்.

இரவில் வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. அப்பா தமிழோசை கேட்பார். அந்த நாட்களில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறுவன் இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தான். சைக்கிள் டைனமோ என்று நாங்கள் சொன்னது உண்மையில் டைனமோ இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அதில் கரிக்கட்டையும் இல்லை, செப்புத்துண்டும் இல்லை. நிலைக்காந்தம் ஒன்று சுழல்கிறது. வெளியே வருவது ஆடலோட்டம். விளக்கு எரிய அது போதும். வானொலிக்கு அது ஒத்துவராது. அப்பா நான்கு இருவாயிகளைச் சதுரமாகப் பற்றவைத்து அதை நேராக்கினார். பெயரை நாங்கள் மாற்றவில்லை. கடைசிவரை அது டைனமோதான். ஒல்ரனேற்றர் எங்கள் வீட்டுக்கு இந்த மாசியில்தான் வந்தது என்பது ஆகவே முழு உண்மை இல்லை. பிழையான பெயரில் அது 1990இலேயே வந்துவிட்டது. அதைச் சுற்றியவனும் நான்தான்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் கார் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பின்சீற்றில் அப்பாச்சி. அவவுக்கு நடக்க முடியாது. அம்மாவும் தங்கச்சியும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு. நான் சைக்கிளோடு வெளியே. இலட்சக்கணக்கான சனம் செம்மணி வழியாக ஒரே றோட்டில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி. மழை. கார் ஓடவில்லை, ஊர்ந்தது. ஒரு கார் நீளம் நகர்ந்தால் பத்து நிமிடம் நிற்கும். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி எழுப்பப் பெற்றோல் வேண்டும். போத்தலில் மூன்று விரல் உயரந்தான் இருந்தது. நிறுத்தாமல் விட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. மிதித்து அணைக்கலாம், ஆனால் மண்ணெண்ணெய் தீரும். அப்பா இரண்டுக்கும் நடுவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பரை நிறுத்தினார். லைற்றை நிறுத்தினார். அந்தக் காரின் எரிபொருள் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. டிக் டிக் என்று கேட்கும். செம்மணி வெளியில் அந்தச் சத்தத்தின் இடைவெளி நீண்டுகொண்டு போனதை நான் வெளியே நின்று கேட்டேன். பற்றறி ஏற்கெனவே கிழடு. ஐந்து வருடமாகப் புதிது கிடைக்கவில்லை. பிறகு பம்ப் நின்றது. எஞ்சினும் நின்றது.

விடியும்வரை அது தள்ளுவண்டி. முன்பின் தெரியாதவர்கள் மாறி மாறித் தள்ளினார்கள். அவர்களுடைய தலையிலும் மூட்டை இருந்தது. ஒருவரும் காரை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. உள்ளே கிழவி இருப்பது தெரிந்திருந்தது. தள்ளி எஞ்சினை எழுப்ப வேகம் வேண்டும். வேகத்துக்கு வெறும் றோட்டு வேண்டும். அன்றிரவு அங்கே வெறும் றோட்டு என்று ஒன்று இல்லை.

பாலம் தாண்டி, சனம் இரண்டு பக்கமும் பிரியத் தொடங்கிய இடத்தில் வெளித்தது. அப்பா மிச்சப் பெற்றோலைக் காபறேற்றருக்குள் விட்டார். எட்டுப்பேர் சேர்ந்து ஓடித் தள்ளினோம். இரண்டாவது கியரில் கிளச்சை விட்டார். ஒன்றுமில்லை. மறுபடி. மூன்றாவது முறை இருமிக்கொண்டு எஞ்சின் எழும்பியது. பற்றறியில் அப்போது சொல்லக்கூடியதாக எதுவும் இருக்கவில்லை. அந்த எழும்பலுக்கு வேண்டிய மின்னைச் சுழற்சியிலிருந்து டைனமோ தானே உண்டாக்கிக்கொண்டது என்பது அப்பாவின் விளக்கம். அது சரியென்றே நானும் நினைக்கிறேன். கொடிகாமத்தில் இறங்கியபின் அவர் சொன்ன முதல் விஷயம் அதுதான். அம்மாவுக்கு அப்போது வந்த கோபம் நியாயமானது.

1996இல் வலிகாமம் திரும்பினோம், காரோடு. 2002இல் ஏ 9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து சாமான்கள் வரத் தொடங்கின. அடுத்த வருடம் நான் அப்பாவிடம் ஒல்ரனேற்றரைப் பற்றிப் பேசினேன். காரணங்களை அடுக்கினேன். ஒல்ரனேற்றரில் சுழல்வது காந்தம். மின் பிறக்கும் கம்பி அசையாமல் சுற்றிவர இருக்கிறது. ஆகவே கரிக்கட்டைகளுக்குக் காந்தத்துக்கு வேண்டிய சிறு மின்னைக் கடத்துவது மட்டுந்தான் வேலை. சின்னக் கப்பி போட்டு வேகமாகச் சுழற்றலாம். நிற்கும்போதும் அது பற்றறிக்குத் தரும். திசைமாற்றும் வேலையை இருவாயிகள் சத்தமின்றிச் செய்கின்றன. அது மட்டும் அன்றிரவு இருந்திருந்தால் செம்மணியில் நின்றிருக்க மாட்டோம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அப்பா நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செத்த பற்றறியோடை நாவற்குழியிலை நிண்டு பார்" என்றார். பிடிவாதம் என்று நினைத்தேன். ஒரு இரவின் அவமானத்தை அவர் வெற்றியாக மாற்றி வைத்திருக்கிறார், அதைத் தொட விடமாட்டார் என்று நினைத்தேன். பின்னர் பேசவில்லை. 2011இல் அவர் காலமானார்.

2022 வந்தது. நாட்டில் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. பெற்றோல் நிலையத்துக்கு முன்னால் கார்கள் இரவு பகலாக நின்றன. நானும் அந்த வரிசையில் இரண்டு நாள் நின்றேன். ஸ்ராட் செய்வது, ஒரு கார் நீளம் நகர்வது, நிறுத்துவது. ஒவ்வொரு ஸ்ராட்டுக்கும் பற்றறி கொடுத்தது. டைனமோவுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் ஒருபோதும் வரவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் பற்றறி இறங்கியது. பின்னால் நின்ற இளைஞர்கள் சிரித்துக்கொண்டு தள்ளினார்கள். 1995உடன் அதை ஒப்பிடுவது அபத்தம். ஒருவரும் எங்கும் விரட்டப்படவில்லை. ஆனால் என் உடம்புக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியவில்லை. கையிலே ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, பம்ப்பின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இருந்தும் மாற்றுவதற்கு மேலும் சில வருடங்கள் சென்றன. உடனடிக் காரணம் வேறு. டைனமோவின் செப்புத்துண்டுகள் தேய்ந்துவிட்டன. தேய்ந்தால் கடைந்து, துண்டுகளுக்கிடையிலுள்ள மைக்காவைச் செம்பின் மட்டத்துக்குக் கீழே சுரண்ட வேண்டும். வாள் அலகின் ஒரு துண்டால் அதைச் செய்யக்கூடிய ஒருவர் முன்பு இருந்தார். இப்போது இல்லை. கராஜில் இருக்கும் பிள்ளை கெட்டிக்காரன். ஆனால் அவன் பிறந்ததே டைனமோக்கள் முடிந்தபின். "அண்ணை, உதுக்கு இனி ஆள் இல்லை. மாத்தி விடுவம்" என்றான். ஜப்பான் வானொன்றின் 40 அம்பியர் ஒல்ரனேற்றரைக் கழுவி வைத்திருந்தான்.

மாற்றுவதில் முதல் வேலை மண்ணை மாற்றுவது. இந்தக் காரில் பற்றறியின் கூட்டல் முனை உடலோடு, அதாவது மண்ணோடு, இணைக்கப்பட்டிருந்தது. அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் அப்படித்தான். ஒல்ரனேற்றருக்குக் கழித்தல் மண்ணாக இருக்க வேண்டும். பிழையாக இணைத்தால் இருவாயிகள் ஒரு கணத்தில் எரிந்துவிடும். எதையெல்லாம் திருப்ப வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். ஸ்ராட்டர் மோட்டாருக்கு இது பொருட்டில்லை. அதன் காந்தமும் மின்காந்தம் என்பதால் இரண்டும் சேர்ந்து திரும்ப, சுழலும் திசை மாறாது. விளக்குகளுக்கும் பொருட்டில்லை. கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பிளக்கின் நடுமுனை கழித்தலாக இருந்தால்தான் பொறி இலகுவில் பாயும். இவ்வளவுதான். ஒரு பொருளின் அடித்தளத்தைத் தலைகீழாக்கினால் எல்லாம் மாறிவிடும் என்று எண்ணியிருந்தேன். அநேகமானவை கவனிக்கவேயில்லை.

டைனமோவின் உருவத்திலேயே வெளிக்கூட்டைச் செய்து உள்ளே ஒல்ரனேற்றரை வைத்து இங்கிலாந்தில் விற்கிறார்கள். மூடியைத் திறந்து பார்ப்பவர் ஏமாறுவார். படத்தை அந்தப் பிள்ளையே ஃபோனில் காட்டினான். விலையைத் தவிர இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டாமென்றேன். இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு இந்தப் பண்டம் பரிச்சயமானது. மரபைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு உருளையைக் காப்பாற்றுபவர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். அதே அளவுக்கு, புதியதைப் பூட்டிவிட்டுப் பழையதை முட்டாள்தனம் என்று எறிபவர்களையும் கண்டிருக்கிறோம். 2003இல் நான் அந்த இரண்டாவது கட்சி.

பூட்டி முடித்து வயர்களைச் சரிபார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒல்ரனேற்றரிலிருந்து மெல்லிய வயர் ஒன்று முன்னாலுள்ள சிவப்பு விளக்குக்குப் போகிறது. "உது சும்மா காட்டுறதுக்கோ?" என்று கேட்டேன். "இல்லை அண்ணை. உந்த பல்ப்பாலைதான் முதல் கறண்ட் வருது. பல்ப் எரிஞ்சு போச்செண்டால் சார்ஜ் வராது." சுழலும் அந்தக் காந்தம் தன் இரும்பில் எஞ்சியதை நம்பிச் சாதாரண வேகத்தில் எழும்ப முடியாதது. தொடக்கத்துக்குப் பற்றறி அந்தச் சின்ன பல்ப் வழியாகக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். எழும்பியபின் அது தன்னைத் தானே நடத்தும். நின்றாலும் தரும், ஊர்ந்தாலும் தரும். ஆனால் முதல் துளி கடன். பற்றறி செத்தால் அந்தக் கடன் கிடைக்காது.

அப்பா 2003இல் சொன்னது இதைத்தான். ஒரு பௌதிகவியல் ஆசிரியர் ஒரு கணக்கைச் சொன்னார். நான் அதை ஒரு கிழவரின் மனநிலையாக வாசித்தேன். பற்றறி சாகாத உலகத்தில் ஒல்ரனேற்றர் சிறந்தது. பற்றறி மறுபடி சாகும், அப்போது யாரும் கொடுக்கமாட்டார்கள், எட்டுப்பேர் தள்ளினால் அந்தத் தள்ளலிலிருந்தே உயிரை எடுத்துக்கொள்ளும் பொருள்தான் வேண்டும் என்பது அவருடைய முடிவு. என்னுடைய பக்கத்துக்கும் வலு இருக்கிறது: அந்த இரவு பற்றறி செத்ததே டைனமோவால்தான். இரண்டும் உண்மை. ஆனால் நான் காரணங்களை அடுக்கியபோது ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன். ஒல்ரனேற்றரைப் பூட்டுகிறவன் கூடவே ஒரு நம்பிக்கையையும் பூட்டுகிறான். அந்த நம்பிக்கைக்கு எனக்கு என்ன ஆதாரம் என்று அவர் கேட்டிருந்தால், 2003இல் என்னிடம் சமாதானப் பேச்சுவார்த்தை இருந்தது. 2006இல் பாதை மறுபடி மூடப்பட்டது. இன்று கேட்டால், சந்தியிலுள்ள கடையில் பற்றறி வாங்கலாம் என்பதைக் காட்டலாம். அதற்குமேல் என்னிடம் எதுவுமில்லை.

கழற்றிய டைனமோ மேசையில் இருக்கிறது. சென்ற வாரம் அதைத் திறந்து ஆமேச்சரை வெளியே எடுத்தேன். அப்பாவின் லாச்சிக்குள் பள்ளிக்கூடத்துத் திசைகாட்டி ஒன்று கிடந்தது. இரும்பு முனைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். ஊசி மெல்லத் திரும்பி நின்றது. இந்தக் காந்தத்தைத் திருப்புவது மிக எளிது. காரின் மண்ணை மாற்றிவிட்டு டைனமோவையே வைத்திருக்க விரும்புபவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பற்றறியிலிருந்து ஒரு வயரை எடுத்து அதன் சிறிய முனையில் ஒரு விநாடி தொட்டால் போதும். அதன் பிறகு அந்த இரும்பு மறுதிசையைத்தான் எப்போதும் அதுவாக இருந்ததுபோல ஞாபகம் வைத்திருக்கும். நான் தொடவில்லை. மூடி, துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

நேற்றுக் கராஜ் பிள்ளை என்னோடு யாழ்ப்பாணம் வந்தான். சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. சிறிது நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏனண்ணை நிண்டுகொண்டு மிதிக்கிறியள்? உது இனி நிண்டாலும் சார்ஜ் பண்ணும்."

காலை எடுத்தேன். அடுத்த சந்தியிலும் அவன் சொல்ல வேண்டியிருந்தது.